ஒற்றைக்கண் தூரக்கண்ணாடி வேண்டாம் என்பது பற்றி

சிவமயம்

உவர்மலை,
திருகோணமலை.
11.04.2025

அன்புள்ள மகள் பிரியங்கினிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நான் சுகம். வீடு சுகம். தென்னை இரண்டும் சுகம். கிணற்றில் தண்ணீர் இன்னும் இடுப்பளவுக்கு நிற்கிறது. அங்கு பெர்கனில் நீயும் மருமகனும் மழைக்கும் குளிருக்கும் நடுவில் குறைவின்றி இருக்கக் கோணேசப் பெருமானை நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். போன ஞாயிறு போனில் நீ, "என்னப்பா, எந்த மொடல் எண்டு முடிவெடுத்திட்டீங்களோ, நான் யூலையில் வரேக்கை கொண்டுவர வேணுமெல்லோ" என்று கேட்டாய். நான் லைன் கிளியர் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். லைன் கிளியராகத்தான் இருந்தது. போனில் சொல்ல வெளிக்கிட்டால் நடுவில் நான் நிற்பேன், நீ "அப்பா, அப்பா" என்பாய், பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைப்போம். ஆகவே கடிதமாக எழுதுகிறேன். களஞ்சியப் பொறுப்பாளராக இருந்த முப்பத்துநான்கு வருடமும் முக்கியமான எந்த விடயத்தையும் நான் வாயால் முடித்தவன் அல்லன் என்பது உனக்குத் தெரியும்.

முதலில், மாசி மாதம் நீ அனுப்பிய இணையப் பக்கம் பற்றியது. வனவிலங்கு பார்க்கவும் பயணம் போகவும் உகந்த கையடக்க ஒற்றைக்கண் தூரக்கண்ணாடிகள் பதினான்கு அதில் இருந்தன. அதைப் போனில் வாசிக்க முடியாமல் சந்தியிலுள்ள கொமினிகேசன் கடையில் கொடுத்து அச்சடித்தேன், இருபத்தாறு பக்கம் வந்தது. அதை ஒரு பைல் கோவையில் இட்டு, பக்கங்களுக்கு இலக்கம் போட்டு, ஒவ்வொரு கண்ணாடிக்கும் நிறை, நீளம், பெருக்கம், முன்வில்லையின் அகலம், தண்ணீர் போகுமா போகாதா என்று நிரல் கீறி ஒரு கிழமையாக எழுதினேன். மகள், உண்மையைச் சொன்னால், அந்தக் கிழமை நல்ல கிழமை. காலையில் எழும்பினால் செய்ய ஒரு வேலை இருந்தது. நீ இதைத்தான் நினைத்து அனுப்பினாய் என்பதும் எனக்கு விளங்கியது. "வெளியாலை போங்கோ அப்பா, பறவையளைப் பாருங்கோ, எங்கையாவது பயணம் போங்கோ" என்று நீ சொன்னது பறவைக்காக அல்ல. சாமான் ஒன்றைக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று பெட்டியின் வெளியில் எழுதியிருக்கும், உன் பெட்டியிலும் எழுதியிருந்தது.

ஆனால் சாமானைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் எதற்கும் கையெழுத்து வைத்ததில்லை. எனவே பட்டணத்துக்குப் போய் ஒரு கடையில் கேட்டேன். கடையின் பெயர் வேண்டாம், மனிதனும் வியாபாரம் செய்து பிழைக்க வேணும்தானே. அவர் ஒரு கறுத்த குழலை எடுத்து வைத்தார். அதில் நாற்பது பெருக்கம், அறுபது மில்லிமீற்றர் என்று பொன் எழுத்தில் போட்டிருந்தது. உன் பதினான்கு கண்ணாடியும் எட்டு, பத்து என்றுதான் இருந்தன. இதென்ன நாற்பது என்று கேட்டேன். "கூடினது நல்லதுதானே ஐயா" என்றார். அடிமட்டம் கொண்டு போயிருந்தேன். முன்வில்லையை அளந்தால் அறுபது வரவில்லை, முப்பத்தெட்டுக்கு மேலே ஒரு மயிரிழையும் இல்லை. அதைச் சொன்னால், அறுபது என்பது மொடலின் பெயர் என்றார். உன் அம்மா பக்கத்தில் நின்றிருந்தால், "வாங்கோ போவம், இவர் ஆளையும் அளந்துதான் விப்பார்" என்று சொல்லி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருப்பா. நான் தனிய நின்றபடியால் வாங்கிவிட்டேன். இப்ப நான் வாங்குகிற சாமானில் பாதி அப்படித்தான் வருகிறது. வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் வேணும், அந்த வேலையைக் கலியாணம் முடிச்ச நாற்பத்தொரு வருசமும் நான் பழகேல்லை.

அதைக் கொண்டுபோய்க் கிண்ணியா முனாப்பிடம் காட்டுவம் எண்டு பங்குனி நடுவிலை ஒரு நாள் பஸ் ஏறினனான். முனாப்பை உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்குச் சாமான் எடுக்க எங்கடை களஞ்சியத்துக்கு வாறவர், ஒரு சோதனைக்குழாய் உடைஞ்சிருந்தாலும் திருப்பித் தாறவர். இப்ப ஓய்வு எடுத்து, களப்புப் பக்கம் பறவை பாக்கிறார். பஸ் சீனன்குடாவைத் தாண்டி ஓரிடத்திலை ரயர் காத்துப்போய் நிண்டுது. எல்லாரும் இறங்கினம். பக்கத்து மரத்திலை பெரிய பறவை ஒண்டு இருந்தது. சரி, சாமானைப் பரிசோதிப்பம் எண்டு எடுத்துக் கண்ணிலை வைச்சன். ஒண்டும் பிடிபடேல்லை, எல்லாம் தண்ணிக்குள்ளாலை பாக்கிற மாதிரி ஆடுது. மெல்ல மெல்லத் திரும்பித் தேடிக்கொண்டு போக, குழலுக்குள்ளை ஒரு சப்பாத்து தெரிஞ்சுது. பிறகு மற்றச் சப்பாத்து. எடுத்துப் பாத்தால் காவலாளி ஒருவர் முன்னுக்கு நிக்கிறார். நான் நிண்ட பக்கம் வேலி, வேலிக்கு அங்காலை படை முகாம், ஆரும் பாக்கக்கூடாத இடம் எண்டது எனக்கு அப்பதான் விளங்கினது. இந்த ஊரிலை பிறந்து அறுபத்தொன்பது வருசம் இருந்தவனுக்கு அது மறந்துபோச்சு எண்டால் நீ யோசிச்சுப் பார்.

அவர் சிங்களவர், பொடியன் இல்லை, நாப்பது வயசு இருக்கும், தமிழ் அரைகுறை. என்ன பாக்கிறீங்க எண்டார். பறவை எண்டன். எங்கே எண்டார். காட்டினன். கோவையையும் எடுத்து, இருபத்தாறு பக்கத்தையும் விரிச்சு, நிரல் நிரலாக விளங்கப்படுத்த வெளிக்கிட்டன். அவர் அதைக் கையாலை மறிச்சுப்போட்டு, குழலை வாங்கித் தானே மரத்தைப் பாத்தார். கொஞ்ச நேரம் திருகினார். பிறகு வேலியைப் பாத்தார். பிறகு என்னைப் பாத்தார். "ஐயா, இதுல ஒண்ணும் தெரியாது" எண்டார். எனக்கும் தெரியேல்லை எண்டு சொன்னன். ஒண்டும் தெரியாத கண்ணாடியாலை ஒருத்தன் என்னத்தை உளவு பாக்கப் போறான் எண்டு நினைச்சிருப்பார். குழலைத் திருப்பித் தந்து, வெயிலுக்குள்ளை நிக்கவேண்டாம், பஸ்ஸுக்குள்ளை இருங்க எண்டு கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். மகள், அவர் பிடிச்ச பிடி ஆசுப்பத்திரியிலை ஒரு வருத்தக்காரனைப் பிடிக்கிற பிடி. நான் அவ்வளவு மோசமாவோ தெரியிறன் எண்டு கிண்ணியாப் பாலம் வருமட்டும் யோசிச்சுக்கொண்டு போனன்.

முனாப் நோன்போடை இருந்தார். எண்டாலும் அவரின்ரை மனிசி அசனா எனக்குத் தேத்தண்ணி போட்டுத் தந்தா, வேண்டாமெண்டாலும் விடேல்லை. முனாப் என்ரை குழலை வாங்கி யன்னலுக்காலை பாத்துச் சிரிச்சார். தன்ரை மருமகன் கட்டாரிலை இருந்து கொண்டுவந்ததை எடுத்துத் தந்தார். சின்னது, உள்ளங்கைக்குள்ளை அடங்கும், எட்டுப் பெருக்கம், இருபத்தைஞ்சு மில்லிமீற்றர். களப்பங்கரைக்குப் போனம். அங்கை அவர் எனக்குச் சொல்லித் தந்ததை நீ அனுப்பின இருபத்தாறு பக்கமும் சொல்லேல்லை. பெருக்கம் கூடக் கூட, கையின்ரை ஆட்டமும் அதே அளவு கூடுமாம். நாற்பது எண்டால் பறவை கிட்ட வராது, உன்ரை நடுக்கம்தான் கிட்ட வரும். மூக்குக்கண்ணாடி போட்டவனுக்குக் கண்வைக்கிற றப்பர் வளையத்தைத் திருகி உள்ளுக்கு விடவேணும், இல்லாட்டிச் சாவித்துவாரத்துக்குள்ளாலை உலகத்தைப் பாக்கவேண்டியதுதான். பாக்கிற வட்டம் அகலமா இருக்கவேணும், அப்பதான் பறக்கிறதைத் தேடிப் பிடிக்க ஏலும். ஒரு விரலாலை தெளிவு திருப்ப ஏலவேணும். தண்ணி போகக்கூடாது. இவ்வளவும் இருந்தால் காணுமாம், வேறை ஒண்டும் தேவையில்லையாம். நான் கோவையிலை எழுதிக்கொண்டன். பிறகு அவர் ஒரு பூநாரைக் கூட்டத்தைக் காட்டினார். எனக்கு அந்த நல்ல கண்ணாடியிலையும் அதுகள் நிண்ட இடத்திலை நிக்கேல்லை, எல்லாம் குளிரிலை நடுங்குற மாதிரி நிண்டுதுகள்.

முனாப் கண்ணாடியை வாங்கிப் பாத்தார், துடைச்சார், திருப்பித் தந்தார். பிறகு என்ரை கையைப் பாத்தார்.

"எட்டுல கூட ஆடுதெண்டா கண்ணாடி இல்ல அண்ணன், ஒங்கட கைதான். எப்ப இருந்து?"

"ஐப்பசியிலை இருந்து" எண்டன்.

அவர் பக்கத்திலை வந்து, முழங்கையை நெஞ்சோடை ஒட்டி வைக்கச் சொன்னார், மற்றக் கையை அதுக்குக் கீழை முட்டுக் குடுக்கச் சொன்னார். அப்படியும் ஆட, தன்ரை தோளைக் காட்டி இதிலை வையுங்க எண்டார். நான் அந்த மனிசனின்ரை தோளிலை கண்ணாடியை வைச்சுக்கொண்டு முப்பத்தேழு பூநாரை எண்ணினனான். நோன்பு பிடிச்ச மனிசன், உச்சி வெயிலிலை, அரைமணித்தியாலம் அசையாமல் நிண்டவர். அதுக்குப் பிறகுதான் எனக்கு விளங்கிச்சு, வீட்டிலை அசனா தந்த தேத்தண்ணிக் கோப்பை ஏன் பாதிதான் நிரம்பியிருந்தது எண்டு. அவ என்ரை கை ஆட்டத்தை முனாப்புக்கு முதலே கண்டிட்டா. இதை நான் உனக்குப் போனிலை சொல்லேல்லை. நீ "சாப்பிட்டீங்களோ" எண்டு கேக்க "ஓம்" எண்டனான், "சுகமோ" எண்டு கேக்க "ஓம்" எண்டனான். கை ஆடுதோ எண்டு நீ கேக்கேல்லை, நானும் சொல்லேல்லை. டொக்டரிட்டைக் காட்டினனான், பயப்பிட ஒண்டுமில்லையாம். நித்திரை கொள்ளச் சொன்னவர்.

முனாப் தன்ரை கண்ணாடியை ஒரு மாசத்துக்கு வைச்சுப் பாருங்க எண்டு தந்துவிட்டார். வீட்டை வந்து பழகினன். பழகேக்கைதான் இன்னொரு வில்லங்கம். ஒற்றைக்கண் கண்ணாடிக்கு ஒரு கண்ணைத் திறந்து மற்றக் கண்ணை மூட வேணும். எனக்கு ஒரு கண்ணைத் தனிய மூட ஏலாது, மகள். அறுபத்தொன்பது வயசிலை இதை நான் கண்டுபிடிச்சனான். இடக்கண்ணை மூடினால் வலக்கண்ணும் கூடவே மூடுது. அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு நாள்முழுக்கப் பழகினன், வாய் கோணிச்சுதே ஒழிய கண் கேக்கேல்லை. இப்படி இருக்க, போன கிழமை நிலாவெளிக்குப் போக வேண்டி வந்தது. பஸ்ஸிலை சும்மா இருக்கிற நேரத்தை வீணாக்கக்கூடாது எண்டு யன்னல் பக்கம் பாத்து ஒரு கண், மறு கண் எண்டு பழகிக்கொண்டு போனன். யன்னல் பக்கத்திலை ஒரு பொம்பிளைப்பிள்ளை, கையிலை மாணவரின்ரை கொப்பிக் கட்டு. சாம்பல்தீவு வருமட்டும் பொறுத்தா. பிறகு எழும்பிப்போய்க் கொண்டக்டரிட்டை ஏதோ சொன்னா. கொண்டக்டர் வந்து, "ஐயா, நரைச்ச தலைக்கு இது வடிவில்லை" எண்டு மெல்லமாச் சொன்னார். பஸ் முழுக்கத் திரும்பிப் பாத்தது.

நான் கோவையைத் திறந்து, கண்ணாடியையும் எடுத்து அந்தப் பிள்ளையிட்டை நீட்டினன். அவ முதல் பக்கம் வாசிச்சா, பிறகு நான் கீறின நிரலை வாசிச்சா, பிறகு முகம் மாறிச்சுது. உயிரியல் ரீச்சராம். "மைக்ரோஸ்கோப் பாக்கேக்கை நாங்கள் பிள்ளையளுக்கு ரெண்டு கண்ணையும் திறந்து வைக்கத்தான் சொல்லிக் குடுக்கிறனாங்கள். மூடினால் களைச்சுப் போகும். ரெண்டையும் திறந்து வைச்சால் கொஞ்ச நேரத்திலை மனசு தனக்கு வேண்டினதை மட்டும் பாக்கும் ஐயா" எண்டா. அந்த இடத்திலேயே செய்து பாத்தன். வலக்கண்ணிலை தூரத்துப் பனைமரம், இடக்கண்ணிலை கொண்டக்டரின்ரை முதுகு, ரெண்டும் ஒண்டுக்கு மேலை ஒண்டாத் தெரிஞ்சுது. பிறகு மெல்ல மெல்லக் கொண்டக்டர் மங்கிப்போனார். ரீச்சர் இறங்கேக்கை மன்னிப்புக் கேட்டா. நான்தான் கேட்டிருக்கவேணும்.

நிலாவெளிக்கு ஏன் போனனான் எண்டு நீ கேப்பாய். இனி எழுதப்போறது உனக்கு நான் ஒருநாளும் சொல்லாதது. நீ ஆறுதலா இருந்து வாசி, வேலைக்குப் போற நேரத்திலை வாசியாதை.

உன்ரை அம்மாவுக்குத் திமிங்கிலம் பாக்க ஆசை. நீ சிரிப்பாய், அவ ஆசைப்பட்டு நீ ஒண்டும் கேட்டிருக்கமாட்டாய், சீலை கூட நான்தான் எடுத்துக் குடுக்கிறது. ஆனால் இதை அவ கேட்டவ. சண்டை முடிஞ்சு வெளிநாட்டுச் சனம் வரத் தொடங்கின காலத்திலை, நிலாவெளியாலை பஸ்ஸிலை வரேக்கை, கரையிலை அந்த வள்ளங்களையும் திமிங்கிலப் படம் போட்ட பலகையளையும் கண்டு, "ஒருக்காப் போவமே" எண்டா. நான், உப்பிடிப் பெரிய மீனைப் பாக்கிறதுக்குக் கடலிலை போய் வெயில் குடிக்கிறதோ எண்டு கேட்டன். அடுத்த வருசமும் கேட்டா. அடுத்த வருசம் பாப்பம் எண்டன். பிறகு ஒரு பதின்மூண்டு வருசம், சித்திரைக்குச் சித்திரை, "இந்த வருசமும் வந்திருக்காம்" எண்டு ஊர்ப்புதினம் மாதிரிச் சொல்லுவா. கேக்கிறதை விட்டிட்டா, சொல்லுறது மட்டும்தான். எங்கடை வீட்டிலை இருந்து அந்தக் கடல் ஒரு மணித்தியாலம், மகள். கண்டிக்குப் போகேல்லையோ, கதிர்காமம் போகேல்லையோ, உன்னைப் பாக்க நோர்வேக்கு வரேல்லையோ. இதுக்கு மட்டும் அடுத்த வருசம் எண்டு சொன்னனான். ஏனெண்டு இப்ப யோசிச்சால் காரணம் ஒண்டுமே இல்லை. காரணம் இருந்திருந்தால் எனக்கு லேசா இருந்திருக்கும்.

கடைசி நேரம், ஆசுப்பத்திரியிலை, நீ வந்து சேர மூண்டு நாள் இருக்கேக்கை, நான் அவவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலை இருந்து ஒரு பொய் சொன்னனான். நிலாவெளித் தர்மசீலனிட்டை வள்ளம் சொல்லி வைச்சிட்டன், சித்திரைக்குப் போறம் எண்டு சொன்னன். அப்ப தர்மசீலனை நான் கண்டதுமில்லை, பேர் மட்டும்தான் பலகையிலை வாசிச்சது. அவ கண்ணை மூடிக்கொண்டு, "ரெண்டு பேருக்கோ" எண்டு கேட்டா. "ரெண்டு பேருக்குத்தான்" எண்டன். "அப்ப சரி" எண்டா. அவ நம்பினவவோ, எனக்காக நம்பின மாதிரி இருந்தவவோ எண்டது எனக்குத் தெரியாது. முப்பத்துநாலு வருசம் பொய்க் கையெழுத்து வைக்காதவன் கடைசியிலை அவவிட்டை வைச்சன்.

அதுதான் நிலாவெளிக்குப் போய்த் தர்மசீலனைப் பிடிச்சு ரெண்டு இடம் சொன்னனான். அவர் நல்ல மனிசன், வெயிலிலை கறுத்து, குரல் மட்டும் கோயில் ஐயர் மாதிரி. மற்ற ஆள் ஆர் எண்டு கேட்டார். வருவா எண்டு சொல்ல வாய் வந்தது, பிறகு வரமாட்டா எண்டு சொன்னன். அவர் திரும்பக் கேக்கேல்லை. பெரியமாமி அறிஞ்சு, மனிசி செத்து வருசம் ஆகேல்லை, ஆட்டைத் திவசமும் முடியேல்லை, திமிங்கிலம் பாக்க வெளிக்கிட்டானாம் எண்டு லிங்கநகர் முழுக்கக் கதை பரப்பினவ. பரப்பட்டும்.

போன செவ்வாய் விடியப் போனம். வள்ளத்திலை ஒரு வெள்ளைக்காரச் சோடி, கிண்ணியாவிலை இருந்து பெருநாள் கொண்டாட்டத்துக்கு வந்த றுவைஸ் எண்டவரும் அவரின்ரை மனிசி பஸ்மியாவும், நான். எனக்குப் பக்கத்திலை வெறும் இடம். அதிலை என்ரை பையை வைச்சன். மிதவைச் சட்டையை எனக்குத் தர்மசீலன் மாட்டிவிட்டார், கொக்கி என்ரை கைக்குப் பிடிபடேல்லை. ஒரு மணித்தியாலம் ஓடினம். கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. பிறகு தர்மசீலன் கையை நீட்டி, அங்கை எண்டார். எல்லாரும் எழும்பிச்சினம். நான் முனாப்பின்ரை கண்ணாடியைக் கண்ணிலை வைச்சுத் தேடினன். முதலிலை வானம். பிறகு தர்மசீலனின்ரை காது, எட்டு மடங்கு. பிறகு வெள்ளைக்காரியின்ரை தொப்பி. பிறகு வெறும் தண்ணி, வெறும் தண்ணி. எல்லாரும் "ஆ" எண்டினம், நான் தண்ணியைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். கண்ணாடியை எடுத்தால், அது மூழ்கிப் போட்டுது. மிச்சம் ஒரு வெள்ளைப் புகை மட்டும் காத்திலை கலையுது. திரும்ப வரும், பொறுங்கோ எண்டார் தர்மசீலன். பன்னிரண்டு நிமிசம். நான் மணிக்கூடு பாத்தனான்.

ரெண்டாந்தரம் இருந்துகொண்டே, முழங்கையை நெஞ்சோடை ஒட்டி, ரெண்டு கண்ணையும் திறந்து வைச்சன். வட்டத்துக்குள்ளை தண்ணி வீங்கின மாதிரி ஒரு இடம் மேலை எழும்பிச்சு. அதிலை இருந்து மூச்சு. பிறகு முதுகு. மகள், நான் பெரிசு பெரிசாச் சாமான் பொறுப்பெடுத்தவன், எஞ்சின் பாத்தவன், பாலத்து இரும்பு பாத்தவன். இது அப்படி இல்லை. சாம்பலும் நீலமுமா, நனைஞ்ச கல்லு மாதிரி, வழுக்கிக்கொண்டு போகுது, போகுது, முடியேல்லை. இரவு மெயில் ரயில் ஸ்டேசனைத் தாண்டுற மாதிரி, இன்னும் பெட்டி வருது, இன்னும் பெட்டி வருது. கடைசியிலை சின்னதா ஒரு செட்டை, இவ்வளவு உடம்புக்கு இதோ எண்டு சிரிக்கிற மாதிரி. என்ரை கை ஆடேல்லை. வட்டத்துக்குள்ளை எல்லாம் நிண்ட இடத்திலை நிண்டுது. அந்த நேரம் மற்றக் கண்ணிலை, பக்கத்து இடத்தின்ரை ஓரம் மங்கலாத் தெரிஞ்சுது, ஆரோ இருக்கிற மாதிரி. நான் கண்ணாடியை எடுத்து அந்தப் பக்கம் நீட்டினன்.

"இந்தா, கெதியாப் பார், போகப்போகுது."

சத்தமாத்தான் சொன்னனான். நீட்டின கை அப்படியே நிண்டுது. பைக்கு முன்னாலை. கையை எப்பிடி மடக்கிறது எண்டு எனக்குத் தெரியேல்லை, மகள். அப்ப பின் ஆசனத்திலை இருந்த பஸ்மியா எழும்பி வந்து, என்ரை பையைத் தூக்கித் தன்ரை மடியிலை வைச்சுக்கொண்டு அந்த இடத்திலை இருந்தா. என்ரை கையிலை இருந்த கண்ணாடியை வாங்கிப் பாத்தா. அவசரப்படாமல், வால் எழும்பித் தண்ணிக்குள்ளை போகுமட்டும் பாத்தா.

"கண்டன் ஐயா" எண்டா. "நல்லாக் கண்டன்."

பிறகு கரைக்கு வருமட்டும் அவ எழும்பிப் போகேல்லை. இன்னும் ரெண்டு தரம் வந்தது. நான் பாத்திட்டு அவவிட்டைக் குடுக்க, அவ பாத்திட்டு என்னட்டைத் தந்தா. நான் அழுததை எல்லாரும் கண்டவை, ஒருத்தரும் காணாத மாதிரி இருந்தவை. தர்மசீலன் எஞ்சினை நிப்பாட்டிப்போட்டு, எதுக்கோ கயித்தை அவிட்டுத் திரும்பக் கட்டிக்கொண்டு நிண்டவர். இறங்கேக்கை ரெண்டு இடத்துக்கும் குடுத்ததை அவர் வேண்டாம் எண்டேல்லை, அது எனக்குப் பெரிய ஆறுதலா இருந்தது. வேண்டாமெண்டிருந்தால் ஒரு ஆள்தான் வந்தது எண்டு ஆகியிருக்கும்.

இனி விடயத்துக்கு வாறன். இந்தக் கண்ணாடியளைப் பற்றி இவ்வளவு படிச்சு நான் கண்ட முடிவு, இது ஒரு ஆள் பாக்கிற சாமான். ஒற்றைக்கண் எண்டில்லை, இரட்டைக்கண் எண்டாலும் அப்படித்தான். ஒருத்தர் பாக்கேக்கை மற்றவர் காத்திருக்கவேணும். காத்திருக்கிற ஆள் இல்லாட்டி, பாத்ததை எடுத்து எங்கை நீட்டுறது. எல்லாப் பயணத்துக்கும் ஒரு பஸ்மியா வர ஏலாது. பாக்கவேண்டியதைப் பாத்தாச்சு, குடுத்த வாக்கு பிந்தியாவது முடிஞ்சுது, முனாப்பின்ரை கண்ணாடியை இண்டைக்குத் தொழுகை முடிய அவரிட்டை ஒப்படைச்சு, கோவையையும் கட்டி வைச்சிட்டன். ஆகவே தாங்கள் யூலை மாதம் கொண்டுவர உத்தேசித்துள்ள மேற்படி பொருள் எனக்குத் தேவையில்லை என்பதைத் தயவுடன் அறியத்தருகிறேன். காசை வீணாக்காதே. அதுக்குப் பதிலா நீ ஒரு கிழமை கூட நில்.

அம்மாவிட்டை நான் சொன்ன பொய்யை நீ மன்னிக்கவேணும் எண்டு கேக்கேல்லை. அறிஞ்சு வைச்சிரு எண்டுதான் சொல்லுறன். நீயும் மருமகனும் எதையாவது அடுத்த வருசத்துக்கு எண்டு வைச்சிருந்தால், அது என்ன எண்டு இண்டைக்கே இருந்து கதையுங்கோ.

உங்கள் இருவருக்கும் கோணேசரும் மாதுமை அம்பாளும் பக்கத்துணையாக இருப்பார்களாக. பிறக்கிற வருசம் உங்களுக்கு நித்திரையும் நிம்மதியும் தரட்டும். மருமகனுக்கு என் அன்பு. அவருக்குப் பனங்கட்டி எடுத்து வைச்சிருக்கிறன், எறும்பு வரமுன் வரச்சொல்லு.

என்றும் உன் நினைவுடன்,
அப்பா,
த. இராசையா,
ஓய்வுபெற்ற களஞ்சியப் பொறுப்பாளர்.

பிற்குறிப்பு: 16.04.2025. முழுநிலாப் போயா லீவும் வருசப்பிறப்பும் சேர்ந்து தபாற்கந்தோர் பூட்டினபடியால் கடிதம் மேசையிலையே கிடந்தது. நேற்றுக் காலமை வாசல் கூட்டிக்கொண்டு நிக்க, கீழை குடாவிலை கட்டியிருக்கிற பழைய வள்ளத்தின்ரை கம்பத்திலை ஒரு பறவை வந்து இருந்தது. காகத்தைவிடப் பெரிசு, உடம்பு வெள்ளை, தலையிலை கறுத்தத் தொப்பி போட்ட மாதிரி, சொண்டு நல்ல சிவப்பு. இந்த வீட்டிலை இருந்து நான் அப்படி ஒண்டை ஒருநாளும் கண்டதில்லை. இண்டைக்கும் அதே நேரம் வந்து, அதே கம்பத்திலை இருந்து, தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தது. முனாப்புக்குப் போன் எடுத்துச் சொன்னன். தொப்பியும் சொண்டும் மட்டும் சொன்னாக் காணாது அண்ணன், கால் என்ன நிறம் எண்டார். இஞ்சை இருந்து கால் தெரியேல்லை. ஆகவே மேலே எழுதினதை விடு. எட்டுப் பெருக்கம், இருபத்தைஞ்சு மில்லிமீற்றர், தண்ணி போகாதது, மூக்குக்கண்ணாடிக்குத் தோதானது. யூலை வருமட்டும் என்னாலை பொறுக்க ஏலாது, அதுக்கு முதல் ஆராவது வந்தால் குடுத்துவிடு. அது எத்தினை நாள் நிக்குமோ தெரியாது. அதின்ரை கால் என்ன நிறம் எண்டு எனக்குத் தெரியவேணும்.